கல்லை மட்டும் பார்த்து முற்றம் போடாதீர்கள்

கடை கட்டும்போது நமது வர்த்தகர்கள் எதற்கெல்லாம் யோசிக்கிறார்கள் என்று பாருங்கள். பெயர்ப் பலகையின் எழுத்துக்கு யோசிக்கிறார்கள். உள்ளே பதிக்கும் டைலுக்காகக் கொழும்பு வரை போய் வருகிறார்கள். கண்ணாடிக் கதவுக்கும் குளிரூட்டிக்கும் மூன்று இடத்தில் விலை கேட்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் முதலில் கால் வைக்கும் இடமான வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிய முடிவு மட்டும் கடைசியில்தான் எடுக்கப்படுகிறது. அதுவும் கையில் மிஞ்சிய பணத்தைப் பார்த்துத்தான்.

இதன் பலனைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து புத்தளம் வரையும், பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வரையும் கடை முற்றங்களைப் பார்த்துக்கொண்டு போனால் போதும். இரண்டு மாரி காணாத இன்டர்லொக் கற்கள் லொறிச் சக்கரம் போன வழியில் வாய்க்கால் போலத் தாழ்ந்து கிடக்கின்றன. கொங்கிரீட் முற்றம் வெடித்து, வெடிப்பின் ஓரமெல்லாம் துருக்கறை. கிரவல் முற்றத்தில் மாரியில் சேறு, கோடையில் புழுதி. இவை எல்லாம் உழைத்த காசு.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். எந்தக் கல் நல்லது என்ற கேள்வியோடு ஆரம்பிக்கக் கூடாது. என்ன வாகனம் நிற்கும், அடியில் என்ன மண் இருக்கிறது, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் பதில் எடுத்த பிறகுதான் கல்லுக்குப் போக வேண்டும். அப்படிப் பார்த்தால், நமது கரையோரத்தில் பெரும்பாலான கடைகளுக்கு முற்றம் முழுவதையும் ஒரே பொருளால் மூடுவது வீண் செலவு என்பதும், பக்கத்துக் கடைக்காரருக்குத் தீங்கு என்பதும் விளங்கும்.

என்ன வாகனம் நிற்கிறது?

வாகனம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை இல்லினோய் மாநிலத்தில் வீதிகளை வேண்டுமென்றே போட்டு, அவற்றின் மேல் லொறிகளை இரவு பகலாக ஓட்டி ஒரு பெரும் பரிசோதனை செய்தார்கள். உலகெங்கும் வீதிப் பொறியியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு கணக்கு அதிலிருந்துதான் வந்தது. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. பாரம் பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு.

இதை நமது முற்றத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு காரின் அச்சில் முக்கால் தொன் அளவு பாரம் என்றால், சாமான் நிரப்பிய பெரிய லொறியின் பின் அச்சில் ஏழெட்டுத் தொன் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை சீமெந்து இறக்க வரும் ஒரு லொறி செய்யும் சேதத்தை, வருடம் முழுவதும் வந்து போகும் கார்களும் முச்சக்கர வண்டிகளும் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

ஆகவே முதலில் முற்றத்தை மனதில் இரண்டாகப் பிரியுங்கள். லொறி வரும் வழியும் சாமான் இறக்கும் இடமும் ஒரு பகுதி. கார், வேன், மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் மற்றப் பகுதி. ஹாட்வெயார் கடைக்கும் அரிசி மொத்த வியாபாரத்துக்கும் முதல் பகுதி பெரிது. புடைவைக் கடைக்கும் பார்மசிக்கும் அது மிகச் சிறிது. பணத்தை முதல் பகுதியில் கொட்டுங்கள். இரண்டாம் பகுதியில் மிச்சம் பிடியுங்கள். முழு முற்றத்துக்கும் ஒரே விலையில் கொந்தராத்துப் பேசுபவர் இரண்டிலும் நட்டப்படுகிறார். ஒரு பக்கம் தேவைக்கு மேல் செலவு, மறு பக்கம் தேவைக்குக் குறைந்த பலம்.

அடியில் என்ன இருக்கிறது?

நமது மாவட்டத்தின் கரையோரத்தில் மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. நுரைச்சோலை, ஏத்தாளை, கற்பிட்டிப் பக்கம் ஆழமான மணல். தண்ணீர் உடனே இறங்கிவிடும். அது நல்ல அடித்தளம்தான், ஆனால் ஓரம் கட்டாவிட்டால் பக்கவாட்டில் நழுவும். புத்தளம் நகரிலும் முந்தல் பக்கத்திலும் களப்பை அண்டிய காணிகள் பல, தாழ்ந்த ஈர நிலத்தை கிரவல் போட்டு உயர்த்தியவை. அவை வருடக்கணக்காக மெல்ல மெல்ல அமர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே போகப் போக இறுகிய செம்மண் வருகிறது.

நிரப்பிய நிலத்தில் கொங்கிரீட் தட்டுப் போட்டால், நிலம் அமரும்போது தட்டு வளையாது, வெடிக்கும். வெடித்த தட்டை உடைத்து அகற்றுவதற்கே தனிச் செலவு. இன்டர்லொக் போட்டிருந்தால் தாழ்ந்த இடத்துக் கற்களைக் கிளப்பி, அடியை நிரப்பித் தட்டி, அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். இந்தக் காரணத்தாலேயே நீர்ப்பாங்கான நாடான நெதர்லாந்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல் தட்டுப்பாடு வந்தபோது கொங்கிரீட் கற்களைப் பதிக்கத் தொடங்கியவர்கள், இன்று வரை அதை விடவில்லை.

எந்த மண்ணானாலும், கல்லின் கீழே இருக்கும் தளம்தான் பாரத்தைச் சுமக்கிறது. மேல் மண்ணையும் வேரையும் அகற்றி, நிலத்தை ரோலரால் இறுக்கி, அதன் மேல் பெரிதும் சிறிதுமாய்க் கலந்த உடைகல்லை, அதாவது கொந்தராத்துக்காரர் ஏ.பீ.சீ. என்று சொல்வதை, ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இரண்டு தட்டாகப் போட்டு ஒவ்வொரு தட்டையும் தனியே இறுக்க வேண்டும். லொறி வரும் இடத்தில் இன்னும் கூட்ட வேண்டும். நமது கரையில் கருங்கல் இல்லை. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். கருங்கல் உள்நாட்டிலிருந்துதான் லொறியில் வர வேண்டும். அதனால் விலை கூடுகிறது, அதனால்தான் கொந்தராத்துக்காரர் முதலில் கைவைப்பதும் இந்தத் தளத்தில்தான். மேலே கல் பதித்த பிறகு அடியில் ஆறு அங்குலமா, இரண்டு அங்குலமா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பொருள்களின் குணம்

கிரவல் மிக மலிவு. தண்ணீரை ஓரளவு உறிஞ்சும். ஆனால் மே மாதம் தொடங்கிப் பல மாதங்கள் வீசும் கச்சான் காற்றில் புழுதி எழும்பி, புடைவைக் கடைக்குள்ளும் பலசரக்குக் கடைக்குள்ளும் வந்து படியும். அந்தப் புழுதியின் செலவை யாரும் கணக்கெழுதுவதில்லை. கடையின் பின்புறத்துக்கும், ஊழியர் வாகனம் நிற்கும் இடத்துக்கும், பெருநாள் காலத்தில் மட்டும் நிரம்பும் மேலதிக இடத்துக்கும் கிரவலை விட, மண் கலக்காத சல்லிக்கல் நல்லது. மணல் நிலமானால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கல் மணலுக்குள் போய்விடும்.

காபட், அதாவது தார்க் கலவை, பெரிய இடத்துக்கு ஏற்றது. கலவை சூடாக இருக்கும்போதே போட்டு உருட்ட வேண்டும். ஆலையும் இயந்திரமும் ரோலரும் ஒன்றாக வர வேண்டும். பத்துக் கார் நிற்கும் இடத்துக்கு அந்தச் செலவு கட்டாது. வேறெங்கோ வீதி வேலையில் மிஞ்சிய கலவையை மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனமாயிருங்கள். வரும் வழியில் ஆறிய கலவை இறுகாது, அடுத்த மாரியில் கழன்றுவிடும். நமது வெயிலில் கறுப்புத் தளம் கொதிக்கும். மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்ட் அதில் இறங்கிவிடும். சிந்தும் டீசல் தாரைக் கரைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொங்கிரீட் தட்டு பாரத்துக்கு உறுதியானது, கூட்டிக் கழுவ இலகுவானது. சாமான் இறக்கும் இடத்துக்கும், எரிபொருளும் எண்ணெயும் சிந்தும் இடத்துக்கும் அதுவே சரி. ஆனால் அதற்கு வெட்டு விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு முறை இணைப்பு வெட்டாத தட்டு, தானே விரும்பிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். ஏழு நாளாவது சாக்கு போட்டு நனைக்க வேண்டும். நாலாம் நாளே லொறியை ஏற்றினால் யாரையும் குறை சொல்ல முடியாது.

இன்டர்லொக் இன்று ஊரெங்கும் ஓடும் சாமான். குழாய் பதிக்கவோ மின்கம்பி இழுக்கவோ தோண்ட வேண்டி வந்தால் கல்லைக் கிளப்பித் திரும்பப் போடலாம். வீதி அகலிப்புக்காக முற்றத்தில் ஒரு பகுதியை விட நேர்ந்தாலும் கல் நமக்கு மிஞ்சும். ஆனால் கார் நிற்கும் இடத்துக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பும், லொறி போகும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பும் வேண்டும். நடைபாதைக்குச் செய்த மெல்லிய கல்லை லொறி வழியில் போட்டுவிட்டு, இன்டர்லொக்கே கூடாது என்று சொல்வது நியாயமில்லை. கற்களை வரிசையாக அடுக்காமல், மீன் முள் போலக் கோணலாகப் பின்னிப் பதித்தால்தான் பிறேக் பிடிக்கும்போது நகராது. நாலு ஓரமும் கொங்கிரீட்டில் பதித்த ஓரக்கல்லால் கட்ட வேண்டும். ஓரம் கட்டாத இன்டர்லொக் வேலி இல்லாத தோட்டம் போல.

மணலும் சீமெந்தும்

சீமெந்துக்கு நமது மாவட்டம் பேர் போனது. அறுவாக்காட்டில் சுண்ணாம்புக் கல் தோண்டி, ரயிலில் பாலாவிக்குக் கொண்டு வந்து சீமெந்தாக்கும் தொழில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. நுரைச்சோலையில் 2011இல் முதல் இயந்திரமும் 2014இல் மற்ற இரண்டும் ஓடத் தொடங்கிய 900 மெகாவொட் அனல் மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலும் இப்போது சீமெந்துக் கலவைக்குப் போகிறது. சாம்பல் கலந்தது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அளவாகக் கலந்த சாம்பல் கொங்கிரீட்டின் துளைகளை அடைத்து, உப்புத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். கரையோரத்துக்கு அது நன்மை. ஆனால் அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஆகவே அப்படிப்பட்ட கல்லைக் கூடுதல் நாள் நனைத்து, கூடுதல் நாள் வைத்திருந்துதான் பதிக்க வேண்டும். காலையில் அச்சில் ஊற்றி மறு வாரம் லொறியில் ஏற்றித் தரும் கல்லை வாங்காதீர்கள்.

மணல் விடயத்தில்தான் பெரிய மோசம் நடக்கிறது. கடற்கரை மணல் கையருகில் கிடக்கிறது, ஆற்று மணல் விலை ஏறிவிட்டது. தெதுறு ஓயாவில் மணல் அள்ளியதால் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். அதற்காகக் கழுவாத கடல் மணலைக் கம்பி வலை போட்ட கொங்கிரீட்டில் கலந்தால், உப்பு கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்துத் தட்டை உள்ளிருந்து பிளக்கும். முன்னே சொன்ன துருக்கறை அதுதான். கடலடியிலிருந்து எடுத்துக் கழுவிய மணல் முத்துராஜவெலயில் கிடைக்கிறது. அது வேறு, கரையில் அள்ளியது வேறு. இன்டர்லொக் கல்லில் கம்பி இல்லை, ஆகவே துரு என்ற பேச்சும் இல்லை. உப்பு வெள்ளையாகப் பூக்கும், பார்வைக்குக் கெடும். உப்புக் காற்றடிக்கும் நமது கரைக்கு இன்டர்லொக் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீருக்கு வழி

இனி எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நமது பகுதிக்கு வருடம் முழுவதும் பெய்யும் மழை, கொழும்பில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அதில் பெரும் பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கார் நிற்க 2.4 மீற்றருக்கு 4.8 மீற்றர் இடம் வேண்டும். திருப்புவதற்கும் போய் வருவதற்கும் சேர்த்தால் காருக்கு 25 சதுர மீற்றர் என்று வைக்கலாம். பத்துக் காருக்கு 250 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்த முற்றத்தில் 25,000 லீற்றர். ஐயாயிரம் லீற்றர் பவுசர் ஐந்து. முழுவதும் கொங்கிரீட்டால் மூடியவர் அந்த ஐந்து பவுசர் தண்ணீரையும் வீதிக்கோ பக்கத்துக் கடைக்கோ அனுப்புகிறார். பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? அவரும் ஆறு அங்குலம் உயர்த்திக் கொங்கிரீட் போடுவார். அடுத்தவர் இன்னும் உயர்த்துவார். கடைசியில் தாழ்ந்து கிடப்பது வீதியும், உயர்த்த வசதியில்லாத சிறிய கடைக்காரரும்தான். தனது வாசலைக் காப்பதற்காக அண்டையில் இருப்பவரின் மாவு மூட்டையை நனைப்பது வியாபாரமும் ஆகாது, மார்க்கமும் ஆகாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டு வந்த வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. அப்படிப்பட்ட பெரு வெள்ளத்தை எந்த முற்றமும் தடுக்காது. நான் சொல்வது வருடா வருடம் வரும் சாதாரண மாரி மழையைப் பற்றி. அதற்கு நம் கையில் மருந்து இருக்கிறது.

கற்பிட்டித் தீபகற்பத்தில் வீட்டுக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் கைகொடுப்பது மணலுக்குள் தங்கி நிற்கும் மழைத் தண்ணீர்தான். கீழே உப்புத் தண்ணீர், மேலே நன்னீர் மெல்லிய போர்வையாக மிதக்கிறது. மழை இறங்கினால்தான் அந்தப் போர்வை தடிக்கும். நிலத்தை மூட மூட அது மெலியும். ஆகவே கார் நிற்கும் பகுதியில் இடைவெளி விட்டுப் பதிக்கும் கற்களையோ, புல் வளரத் துளை விட்ட கற்களையோ போடலாம். அடியிலும் இடுக்கிலும் தூள் கலக்காத சின்னச் சல்லியைப் போட்டால் தண்ணீர் நேரே மண்ணுக்குள் இறங்கும். இடையிடையே நாலடிச் சதுரம் விட்டு வேம்பு நட்டால் நிழலும் கிடைக்கும். நிழல் உள்ள கடையில் வாடிக்கையாளர் அவசரப்பட மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. வாகனம் கழுவும் இடம், கராஜ், எண்ணெய் விற்கும் இடம் ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது. அங்கே எண்ணெயும் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றில் சேரும். அங்கே கொங்கிரீட் போட்டு, எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டித்தான் தண்ணீரை விட வேண்டும்.

“முழுவதும் சீமெந்து போட்டால் பார்க்க அழகு, கூட்ட இலகு” என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடை வாசலையும் நடைபாதையையும் அப்படிப் போட்டாலே அந்த அழகு கிடைத்துவிடும். மூலையில் நிற்கும் வேனின் அடியில் என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளர் குனிந்து பார்ப்பதில்லை.

வேலை கொடுக்கும்போது

கொந்தராத்தை வாயால் பேசாதீர்கள். கடனை எழுதி வைப்பவர்கள் நாம், இதையும் எழுதி வைப்போம். தளம் எத்தனை அங்குலம், எத்தனை தட்டு, கல் எத்தனை மில்லிமீற்றர், ஓரக்கல் உண்டா, தாழ்ந்தால் எத்தனை மாதம் வரை திருத்தித் தருவது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கொங்கிரீட் கற்களுக்கு எஸ்.எல்.எஸ். 1425 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. அதன்படி செய்ததா என்று கேளுங்கள், சோதனை அறிக்கை கேளுங்கள்.

அறிக்கை இல்லாத சிறு தொழிலாளியிடம் வாங்குவதானால் கடைத் தராசே போதும். 200க்கு 100 மில்லிமீற்றர் அளவுள்ள 80 மில்லிமீற்றர் கல் ஏறக்குறைய 3.7 கிலோ இருக்க வேண்டும். 60 மில்லிமீற்றர் கல் 2.75 கிலோ. நன்றாகக் குறைந்தால் உள்ளே காற்றுத்தான் இருக்கிறது. இந்த அளவுக் கல் சதுர மீற்றருக்கு 50 பிடிக்கும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும்.

தளம் போட்ட நாளில் முதலாளி நேரில் நின்று அளக்க வேண்டும். கல் பதித்த பிறகு போய் நிற்பதில் பலனில்லை. பத்தடிக்கு இரண்டரை அங்குலம் என்ற அளவில் சரிவு இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது உங்கள் சுவர்ப் பக்கம் வந்தாலோ, அண்டைக் கடைப் பக்கம் போனாலோ பணம் கொடுக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்களுக்கும் படியில்லாத ஒரு வழி விடுங்கள். பொது மக்கள் வந்து போகும் கட்டிடங்களுக்கு 2006ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் அதைக் கேட்கின்றன.

இன்னுமொன்று, ஒரே வரிசையில் உள்ள கடைக்காரர்கள் முற்றம் போடும் முன் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசினால் என்ன? எல்லோரும் ஒரே மட்டத்தில் போடுவது, வடிகானைப் பங்கு போட்டுக் கட்டுவது, அதைப் பற்றி உள்ளூராட்சிச் சபைக்கு ஒன்றாகக் கடிதம் கொடுப்பது, ஒரு ரோலரை ஒரே வாரத்தில் எல்லோரும் வாடகைக்கு எடுப்பது. தனித்தனியே ஐந்து பேர் செலவழிப்பதில் ஒரு பங்கு மிஞ்சும், மாரியில் வரும் சண்டையும் மிஞ்சும்.

2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை, 2022இல் இரண்டாயிரத்தையும் தாண்டிப் போனதை நாம் கண்டோம். ஒரு முறை போட்டதை உடைத்து இரண்டாம் முறை போடும் வசதி இனி நம்மில் பலருக்கு இல்லை. மாரிக்கு முன்னே ஒரு நாள் உங்கள் முற்றத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். லொறி எங்கே ஏறுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, கிணறு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொந்தராத்துக்காரரைக் கூப்பிடுங்கள்.